இரண்டாவது போத்தல்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். கற்பிட்டிக்குப் போகிற பாதையில், கடலுக்கும் களப்பு என்கிற உப்பு ஏரிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். நல்ல வெயில் காலம். மகன் பிறந்து நாற்பது நாள் கழிந்திருந்தது. மூத்த மகள் பத்தாம் ஆண்டு படிக்கும்போது கைக்குழந்தையா என்று ஊரே என்னைக் கிண்டல் பண்ணியது. எனக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. அதனால் அவனுக்குப் பால்மாதான்.

சுத்தம் என்றால் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று என் கணவர் சொல்வார். இருக்கட்டும். வீட்டுக் கிணற்றில் உப்பு ஏறிவிட்டதால், எங்கள் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றிலிருந்துதான் குடிதண்ணீர் எடுப்போம். அவ்வளவு தெளிவான, இனிப்பான தண்ணீர். பக்கத்து வீட்டார்கூட குடத்தோடு வருவார்கள். அதையும் நான் சும்மா பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன். துணியில் வடித்து, கேத்தலில் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மறுபடியும் கொதிக்க வைத்துத்தான் பால் கரைப்பேன்.

ஒரு நாள் பகல், குளிப்பாட்டும்போது பார்த்தால் மகனின் உதடு சாம்பல் நிறமாக இருந்தது. அறை இருட்டால் அப்படித் தெரிகிறதாக்கும் என்று வாசலுக்குத் தூக்கி வந்தேன். வெயிலிலும் அதே நிறம்தான். நகங்களும் கத்தரிக்காய்ச் சாயம் ஏறின மாதிரி இருந்தன. காய்ச்சல் இல்லை, அழுகையும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சாம்பல் வாயாலேயே சிரித்தான்.

புத்தளத்துக்கு ஓடினோம். ஆஸ்பத்திரியில் வார்டில் மறித்து வைத்துப் பார்த்தார்கள். அங்கே இருக்க இருக்கப் பிள்ளையின் நிறம் திரும்பிவிட்டது. இதயத்தில் ஏதும் இருக்கலாம் என்று ஸ்கேன் எடுக்கத் திகதி போட்டுத் தந்தார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே மறுபடியும் சாம்பல்.

பாலாவியில் இருந்து மாமி, அதாவது என் கணவரின் உம்மா, வந்திறங்கினார். பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில நல்லா இருந்த பிள்ளைதானே? வாசப்படி மிதிச்ச உடனே இப்பிடி எண்டா, இந்த வீட்டுல என்னமோ இருக்குது."

பள்ளிவாசல் லெப்பையைக் கூப்பிட்டு ஓதவைத்தோம். அவர் நல்ல மனுசன். "நான் ஓதிட்டேன். அதுக்காக டொக்டரை விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் மாமி சொன்ன சொல் வீட்டுக்குள் தங்கிவிட்டது. நானே பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு, பட்டப்பகலில் எனக்குப் பயமாக இருந்தது. பின்னறைக் கதவு காற்றில் மூடினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிடுவேன். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரியே இருக்கும்.

அந்த வீடே வேண்டாம் என்று மதுரங்குளியில் இருக்கிற என் ராத்தா வீட்டுக்குப் போனேன். மூத்தவளைத்தான் நாங்கள் ராத்தா என்போம். அங்கே மகன் தேறினான். கன்னம்கூட சிவந்தது. திரும்பி வந்தோம், கறுத்தான். சந்தேகமே இல்லை, வீடுதான் என்று முடிவாகிவிட்டது. விற்றுவிடலாமா என்றுகூடக் கதை வந்தது.

இரண்டாம் தரம் ராத்தா வீட்டுக்குப் போகும்போது, போன முறை அவள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் பிள்ளையின் வயிற்றுக்கு ஒத்துவரவில்லை என்று, எங்கள் தோட்டத்துத் தண்ணீரைக் கேனில் கொண்டுபோனேன். அங்கேயும் அதேபோல இரண்டு தரம் கொதிக்க வைத்தேன்.

அந்த முறை மகன் மதுரங்குளியிலேயே கறுத்தான்.

என் கணவர் மாமிக்குப் போன் எடுத்தார். மாமி சொன்னது அறை முழுக்கக் கேட்டது. "அப்ப வீட்டுல இல்ல மகன். அது அவளோடதான் வருது."

ராத்தா என் கையில் இருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். என் கூடப்பிறந்தவள். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நாளைக்குப் பிள்ளையை மாமி வளர்க்கட்டும், நான் தள்ளி இருக்கட்டும் என்று பேசினார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நான் வாயாடிதான். ஆனால் அன்றைக்குக் குளியலறைக்குப் போய், கண்ணாடியில் என் உதட்டைப் பார்த்தேன். எனக்குள் இருந்து எது எட்டிப் பார்க்கப் போகிறது என்று பயந்து பயந்து பார்த்தேன்.

ஸ்கேன் முடியும்வரைக்கும் என்னோடு இருக்கட்டும் என்று அழுது மன்றாடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு பிள்ளை பாலாவிக்குப் போகும் என்று பேச்சு. அந்த நாட்களில் தண்ணீரை மூன்று தரம் கொதிக்க வைத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதே நேரம் மகளின் பள்ளிக்கூடத்தில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்து நிலத்தடி நீரை ஆராய்ச்சி செய்கிற பல்கலைக்கழகக்காரர்கள், அந்த ஆராய்ச்சியில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் குடிக்கிற கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுவர வேண்டும். அதோடு, புத்தகத்தில் விடை இல்லாத ஒரு கேள்வியைச் சொந்தமாக யோசித்து வரவும் சொல்லியிருந்தார்கள். என் மகள் இரண்டு போத்தல் கொண்டுபோனாள். ஒன்று கிணற்றுத் தண்ணீர். மற்றது நான் கொதிக்க வைத்துப் பிளாஸ்கில் ஊற்றியிருந்த தண்ணீர். கொதிக்க வைத்தால் எவ்வளவு சுத்தமாகும் என்பது அவளுடைய கேள்வி. உம்மாவின் கைப்பக்குவத்தை வகுப்புக்குக் காட்டுகிற ஆசைதான், வேறென்ன.

சோதனை மருந்து கலந்ததும் கிணற்றுத் தண்ணீர் நல்ல ரோஸ் நிறமாக மாறியதாம். பிளாஸ்க் தண்ணீர் அதைவிடக் கடும் நிறமாக மாறியதாம். பிழையாகச் செய்துவிட்டோம் என்று நினைத்து மறுபடியும் செய்தார்கள். மறுபடியும் அப்படியே. அங்கே நின்ற ஆராய்ச்சிக்கார மிஸ், பிளாஸ்க் தண்ணீர்ப் போத்தலைக் கையில் எடுத்து, சிங்களம் கலந்த தமிழில் மகளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"வீட்டுல சின்ன பபா இருக்கா?"

அன்று பின்னேரமே அவர் விஞ்ஞான டீச்சரோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவும் இல்லை, பிள்ளையைப் பார்க்கவும் இல்லை. "பபாவுக்கு உதடு நீலமா வாறதா? அழ மாட்டார், சும்மா சோர்ந்துபோவாரா?" என்று கேட்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் சொல்லாத எங்கள் இரகசியம் இந்த முன்பின் தெரியாத பெண்ணுக்கு எப்படித் தெரியும்? குறி சொல்ல வந்தவராக்கும் என்றே ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

அவர்தான் விளங்கப்படுத்தினார். தோட்டத்துக்குப் போடுகிற உரம் மணலுக்குள்ளால் இறங்கிக் கிணற்றில் சேர்கிறது. நைத்திரேற்று என்று அதற்குப் பெயர். நிறமும் இல்லை, மணமும் இல்லை. நமக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆனால் சின்னக் குழந்தையின் உடம்பில் போனால், மூச்சுக் காற்றைச் சுமக்க விடாமல் இரத்தத்தையே கெடுத்துவிடுமாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இது சாகாது. தண்ணீர்தான் ஆவியாகிப் போகும். மிஞ்சுகிற தண்ணீரில் இது இன்னும் கூடும். பிளாஸ்க் தண்ணீர் கடும் நிறமானது அதனால்தானாம்.

"நல்லா கொதிக்க வைக்கிற அம்மாட பபாவுக்குத்தான் இதுல கூடுதல் ஆபத்து" என்றார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரி. அந்த மிஸ்ஸே டொக்டரிடம் போனில் பேசினார். மகனிடம் ஊசியில் எடுத்த இரத்தம் சிவப்பாக இல்லை. கோப்பி நிறம். பிறகு அவனுக்கு ஒரு மருந்து ஏற்றினார்கள். அதுவோ நல்ல நீலம்! நீலம் பாய்ந்த பிள்ளைக்கு நீல மருந்தா என்று நான் வாய்பிளந்து நிற்க, என் கண் முன்னாலேயே அவன் உதட்டில் சிவப்பு ஊறியது. அடுத்து அவன் நனைத்த துணி பச்சையாக இருந்ததைப் பார்த்து, அத்தனை நாளுக்குப் பிறகு நான் சிரித்தேன். சிரித்தபடியே அழுதேன்.

மாமி மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. அடுத்த வாரம் ஒரு போத்தலோடு வந்து, என் மகளிடம், "மகள், எங்கட பாலாவித் தண்ணியையும் ஒருக்காப் பாத்துத் தாங்களே" என்றார். எனக்கு அது போதும். இப்போது எங்கள் ஊரில் யாராவது பிள்ளை உண்டானால், முதலில் ஒரு போத்தல் தண்ணீர்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்.

அன்று பிள்ளையை என்னிடமிருந்து பிரித்திருந்தால், சோதித்தபோது நிறமே மாறாத மாமி வீட்டுத் தண்ணீரில் அவன் கட்டாயம் தேறியிருப்பான். அதோடு என் மேல் விழுந்த பழி உண்மையாகியிருக்கும், நானும் அதைச் சாகும்வரை நம்பியிருப்பேன். அவனைப் பிரிக்காமல் விட்டும், யாரும் கேட்காத அந்த இரண்டாவது போத்தலை என் மகள் கொண்டுபோகாமல் இருந்திருந்தாலோ, அவன் கறுக்கக் கறுக்க நான் இன்னும் கவனமாகக் கொதிக்க வைத்துக்கொண்டே இருந்திருப்பேன்.