தங்கமாரி புருஷனின் கடைவாய்ப் பல்

சுவரில் கேப்பைக் கூழ் வடிந்துகொண்டிருந்தது. கும்பா உருண்டு போய் ஆட்டுக் கொட்டடி வாசலில் கிடந்தது. நன்றாக ஆறிய கூழைத்தான் தங்கமாரி கொடுத்தாள். அது கடைவாய்ப் பல்லில் பட்டதும் அவள் புருஷன் சங்கையா கும்பாவை எறிந்தான், அவள் கொண்டையைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். பிறகு இடது தாடையைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஆட்டு யாவாரி சங்கையாவைப் பரளச்சிப் பக்கத்தில் கோபக்காரன் என்பார்கள். ஏதோ பட்டம் கொடுக்கிற மாதிரிச் சொல்வார்கள். சந்தையில் அவனை ஏமாற்ற ஆள் கிடையாது, சட்டையைப் பிடித்துவிடுவான் என்று பெருமை வேறு. அவன் பெண்டாட்டி வாங்குகிற அடிக்கு மட்டும் தனியாக ஒரு பழமொழி வைத்திருந்தார்கள், அடிக்கிற கைதான் அணைக்கும் என்று. சொன்னவர் முதுகில் ஒரு நாளாவது அந்தக் கை விழுந்திருக்க வேண்டும், அப்போது தெரிந்திருக்கும் அணைப்பின் லட்சணம்.

தங்கமாரி அணைப்பை எல்லாம் நம்பவில்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொள்வாள். குடித்திருந்தார். யாவாரம் படுத்துவிட்டது. மழை ஏமாற்றிவிட்டது, மேய்ச்சல் இல்லாமல் ஆடு செத்தது. காரணம் போனால் அடியும் போய்விடும் என்பது அவள் நினைப்பு.

போன மாதம் பாலவனத்தத்திலிருந்து வந்த அவள் தம்பி செல்வக்குமார், அக்காள் உதடு கிழிந்திருப்பதைப் பார்த்தான். நேரே டீக்கடைக்குப் போய், ஊரே பார்க்க, மச்சான் தாடையில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டுப் பஸ் ஏறினான். அந்த வாரமே சங்கையாவுக்குப் பல்வலி தொடங்கியது. மச்சினன் அடித்த அடிதான் பல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று அவன் முடிவு கட்டிவிட்டான்.

வருகிற வெள்ளிக்கிழமை மகள் பிருந்தாவுக்குக் குலசாமி கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். செல்வக்குமார் சீர்த்தட்டோடு வந்து, பிள்ளையை மடியில் வைத்து, அது திமிறாமல் தலையைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்தாக வேண்டும். சங்கையாவுக்கு அது தோதாகப் போயிற்று.

“வரட்டும். பிள்ளைய வச்சுக்கிட்டுக் குனிவான்ல, பிடரியில ஒரே வெட்டு” என்றான். அன்றைக்குக் கிடாவெட்டும் இருந்தது. கையில் அருவாளோடு நிற்பவனை யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை.

தங்கமாரி தம்பிக்குப் போன் போட்டு வராதே என்று கெஞ்சினாள். அவன் சிரித்தான். “மச்சானுக்கு வாய்தான்க்கா. நான் வராம பிள்ளைக்கு யாரு மடி?” என்றான்.

புகையிலையும் கிராம்பும் வைத்துப் பார்த்து ஓய்ந்த சங்கையா, எவனோ சொன்னான் என்று எருக்கம்பாலைப் பஞ்சில் நனைத்துப் பல் குழியில் வைத்துக் கடித்தான். பல் அடங்கவில்லை. ஈறும் நாக்கும் வெந்து தோல் உரிந்ததுதான் மிச்சம். அந்த வெறியில், காலைச் சுற்றி வந்த ஆட்டுக்குட்டியை எட்டி உதைத்தான். அது கல்லுக்காலில் மோதி அங்கேயே கழுத்து மடங்கிச் செத்தது. அதைப் பார்த்ததும் தங்கமாரி முடிவு செய்தாள். தம்பி பிழைக்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இந்தப் பல் அடங்க வேண்டும்.

பல் டாக்டரிடம் அவன் லேசில் வருவதாக இல்லை. ஊர் ஆட்டின் வாயை எல்லாம் பிளந்து, ரெண்டு பல்லா நாலு பல்லா என்று வயசு பார்த்து விலை சொல்கிறவன் அவன். “வாயப் பிளந்து காட்ட நான் என்ன சந்தைக்கு வந்த கிடாயா? பல்லுப் போன ஆடு கறிக்குத்தான் போவும்” என்றான்.

“பல்லைப் பிடுங்க மாட்டாகளாம். உள்ள இருக்கிற நரம்ப மட்டும் எடுத்துட்டு, பல்லை அப்படியே விட்டுருவாகளாம்” என்றாள் தங்கமாரி. அன்று வலியும் அவள் பக்கம் இருந்ததால் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினான்.

டாக்டர் சுகந்தி எக்ஸ்ரே எடுத்து, பல்லின் வேரடியில் கறுப்பாகத் தெரிந்த இடத்தைக் காட்டினாள். “சொத்தை ரொம்ப நாளா அரிச்சு வேருக்குள்ள இறங்கிருச்சுண்ணே. உள்ள சீழ் கட்டியிருக்கு.”

“போன மாசம் ஒருத்தன் அடிச்சான். அதுல வந்தது” என்றான் சங்கையா.

“இது அடியில வந்தது இல்ல. வருசக்கணக்கா இருக்கிற சொத்தை.”

தங்கமாரி டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டாள். தம்பியை அங்கேயே விடுதலை பண்ணிவிட்ட மாதிரி இருந்தது.

இன்றைக்கு அழுகின நரம்பை எடுத்துச் சுத்தம் பண்ணி மருந்து வைத்து மூடுவேன், அடுத்த வாரம் வந்தால் வேரை அடைத்துவிட்டு அப்புறம் பல்லுக்கு மேல் தொப்பி மாட்டலாம் என்று டாக்டர் விளக்கினாள். வலி நின்றுவிட்டது என்று பாதியில் விட்டுவிடக் கூடாது என்றும் சொன்னாள். ஊசி போட்டாள், உதடு மரத்தது. ஆனால் சீழ் பிடித்த பல்லில் ஊசி மருந்து முழுசாக ஏறவில்லை. மிஷின் உள்ளே தொட்டதும் சங்கையா உறுமிக்கொண்டு டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். தட்டிலிருந்த சாமான்கள் தரையில் சிதறின.

டாக்டர் சத்தம் போடவில்லை. “இன்னொரு ஊசி போட்டாத்தான் மரக்கும். கைய விட்டாத்தான் போட முடியும்” என்றாள்.

சங்கையா கையை விட்டான். சொன்ன மாத்திரத்தில் விட்டான். தங்கமாரி எத்தனை தடவை காலைப் பிடித்துக் கதறியும் விடாத கை அது. இவரால் விடவும் முடியுமா என்று ஒரு கணம் திகைத்தாள். வலியில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்திருப்பார் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு பல்லைத் திறந்ததும் நாற்றத்தோடு சீழ் வந்தது. மயிர் போன்ற கம்பிகளை ஒவ்வொன்றாக விட்டு டாக்டர் வேருக்குள் சுரண்டினாள், பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கிற மருந்தால் கழுவினாள். சங்கையாவின் முகம் மெல்லத் தளர்ந்தது. திரும்பும்போது பஸ்ஸில், மரத்த உதட்டோரம் எச்சில் ஒழுகத் தூங்கினான். தங்கமாரி முந்தானையால் துடைத்துவிட்டாள்.

மறுநாள் கடித்தால் லேசாக வலித்தது. அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை. வலது பக்கமாக மென்று வயிறாரச் சாப்பிட்டான். தங்கமாரி நல்ல நேரம் பார்த்துப் பேச்செடுத்தாள். “தம்பி அடிச்சதுல வரலைன்னு டாக்டரம்மா சொன்னாகள்ல. வெள்ளிக்கெழம அவன் வந்தா ஒரு வார்த்த சிரிச்சுப் பேசுங்க.”

சங்கையா கையைக் கழுவினான். துண்டில் துடைத்தான். நிதானமாக அவளிடம் வந்து வயிற்றில் முஷ்டியால் குத்தினான். அவள் மடங்கி விழுந்ததும் விலாவில் மிதித்தான். மூச்சுக்கூட வாங்கவில்லை அவனுக்கு.

“பல்லு சொத்தையில வந்துச்சு, சரி. டீக்கடையில நாலு பேரு பாத்தாம்ல, அதுவும் சொத்தையா? வெட்டத்தான் செய்வேன்.” அருவாளை எடுத்துக்கொண்டு தீட்டுகிற கல்லில் உட்கார்ந்தான். “டீ போடு. சீனி கூடப் போடு, இப்பப் பல்லு கூசல.”

அவள் எழுந்து டீ போட்டுக் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுப் படுத்துக் கண்ணயர்ந்ததும், பிருந்தாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். விலா குத்தியதால் வழியெல்லாம் நின்று நின்று போக வேண்டியிருந்தது.

புகார் எழுத உட்கார்ந்த ஏட்டு கேட்டார். “குடிச்சிருக்கானா?”

“இல்லங்கய்யா.”

“பல்லுவலின்னு சொன்னியே, அந்த வேதனையில ஏதாச்சும் பேசியிருப்பான்ம்மா.”

“வலி நின்னுபோச்சுங்கய்யா.”

“பின்ன எதுக்கு வெட்டப் போறான்?”

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லாமல் போனதே இல்லை. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“காரணம் ஒண்ணும் இல்லங்கய்யா. நல்லாத்தான் இருக்காக, நிதானமாத்தான் அருவாளத் தீட்டுனாக. அப்படியே எழுதிக்கோங்க.”