கடல் பக்க யன்னல்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் எல்லாக் குற்றமும் கடலின் தலையில்தான் விழும். வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருந்தோம். கேற் துருப்பிடித்தால் கடல். அப்பாவுக்கு முழங்கால் நொந்தால் கடல். நான் தும்மினாலும் கடல்தான்.

தை மாதம் வந்தால் விடிய எழும்பியதும் இருபது தும்மல் போடுவேன். மூக்கு ஒழுகும், கண் கடிக்கும். அப்பா கடல் பக்க யன்னலைப் பூட்டி, இடுக்கில் பழைய சாரத்துண்டைத் திணித்தார். காற்று வேண்டுமே என்று என் கட்டிலுக்கு மேலிருந்த மற்ற யன்னலை அகலத் திறந்துவிட்டார். நான் இன்னும் மோசமாகத் தும்மினேன்.

"நீச்சலை நிப்பாட்டும்," என்று அம்மாவிடம் சொன்னார். "தண்ணியில ஊறின பிள்ளை தும்மாமல் என்ன செய்யும்?"

பாடசாலை நீச்சல் அணியில் அப்போதுதான் என்னை எடுத்திருந்தார்கள். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். டொக்டரிடம் காட்டிவிட்டு முடிவெடுப்போம் என்றார் அம்மா. கடலைப் பற்றி முறையிட அப்பாவும் கிருலப்பனையில் இருந்த டொக்டரிடம் வந்தார்.

டொக்டர் அப்பாவைப் பேசி முடிக்க விட்டுவிட்டு என்னைக் கேட்டார்.

"திறந்திருக்கிற யன்னலுக்கு வெளியில என்ன இருக்கு?"

"மாமரம்."

"பூத்திருக்கோ?"

"ஓம். கட்டிலிலயும் கொட்டுது."

அவர் அப்பாவைப் பார்த்தார். "நல்ல காத்தைப் பூட்டிப்போட்டுப் பூந்தூளை உள்ள விட்டிருக்கிறீங்கள்."

நீச்சலை நிறுத்தத் தேவையில்லை என்றார். பூக்கும் காலத்தில் மரத்துப் பக்க யன்னலைப் பூட்ட வேண்டும், உடுப்பை வெளியே காயப்போடக் கூடாது, வெளியே போய் வந்தால் தலையோடு குளிக்க வேண்டும், அடுத்த முறை பூ விரிவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே மூக்கு ஸ்பிரே தொடங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் அம்மா சொன்னார்: "இவ்வளவு வருசமாக் கடலைத் திட்டினது காணும். இனி மரத்தைத் திட்டுங்கோ."

நானும் விடவில்லை. அப்பாவால்தான் எனக்கு இந்தத் தும்மல் வருத்தம் வந்தது என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னேன்.

அடுத்த மார்கழியில் ஒருநாள் மேலிருந்து பார்த்தேன். அப்பா மாமரத்துக்காரரின் முற்றத்தில் நின்று, தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கொப்பைக் காட்டிக் காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெரிய சந்தோஷம்.

"எப்ப வெட்டுவினம்?" என்று வாசலிலேயே கேட்டேன்.

"ஏன் வெட்டோணும்? பூ எப்ப விரியும் எண்டு கேட்டனான்."

ஒரு மரத்தைக்கூட வெட்டச் சொல்லத் துணிவில்லாத மனிதர் என்று எரிச்சல் வந்தது. அன்று பின்னேரமே ஸ்பிரே தொடங்கியது. மரத்துப் பக்க யன்னல் பூட்டப்பட்டது. விறாந்தையில் கயிறு கட்டி என் பாடசாலைச் சட்டையை அவரே காயப்போட்டார். வகுப்பு முடிந்து வந்தால் கதிரையில் இருக்க விடாமல் குளியலறைக்குத் துரத்தினார். அவரோடு தினமும் சண்டை.

மாசியில் போட்டி நடந்தது. அன்று காலை மாமரம் நிறையப் பூத்து நின்றது. எனக்கு இரண்டே இரண்டு தும்மல். மூன்றாவதாக வந்தேன். வளர்ந்துவிட்டேன், வருத்தம் தானாகப் போய்விட்டது என்று கூட்டாளிகளிடம் பெருமையடித்தேன். அப்பா பக்கத்தில் துவாயோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வராத தும்மலுக்குப் பின்னாலும் ஒருவருடைய உழைப்பு இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.