வெயிலில் வைத்த ஊறுகாய்

போன வருஷம் போர்ட் பிளேர் ஜங்லிகாட் சந்தையில் ஒற்றைச் செருப்போடு கொஞ்ச தூரம் நடந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து வங்காளி மீன்காரர், "தாதா, சப்பல்! சப்பல்!" என்று கத்தினார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நானும் சேர்ந்து திரும்பி வேடிக்கை பார்த்தேன். என் இடது செருப்பு அவருடைய கூடைக்குப் பக்கத்தில் அநாதையாகக் கிடந்தது. குனிந்து பார்த்த பிறகுதான் என் கால் வெறுங்கால் என்று எனக்கே தெரிந்தது.

சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய் இரண்டு வருஷமாகிறது. வலிக்கவில்லை என்பதால் இதை ஒரு நோய் என்று ஒத்துக்கொள்ளவே எனக்கு நாளாயிற்று. இப்போது காலைக் கண்ணால் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டுதான் நடக்கிறேன். எதிரில் வருகிறவர்கள் நான் மிகவும் அடக்கமான மனிதன் என்று நினைக்கிறார்கள்.

ஆனால் என் காலை நம்பி யாரும் டிக்கெட் வாங்கவில்லை. தம்பியின் விரல்கள் அப்படியில்லை.

தம்பி வயலின் வாசிப்பவன். பத்துபஸ்தியில் விமானம் இறங்கும் சத்தத்துக்கு நடுவே சாதகம் செய்து, மெயின்லேண்டுக்குப் போய், பெயர் வாங்கினவன். இன்று சென்னையில் அவன் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரருக்குத் தெரியும். போர்ட் பிளேரில் என் பெயரைச் சொன்னால், "யாரு, அவரோட அண்ணனா?" என்பார்கள்.

அவனுக்கு இருபத்திரண்டு வயதில் சர்க்கரை வந்தது. மாத்திரையில் அடங்குகிற ரகம் இல்லை, முதல் நாளிலிருந்தே இன்சுலின் ஊசி. அப்போது சென்னையில் மூன்று வாத்தியக்காரர்களோடு ஒரே அறையில் இருந்தான். கொஞ்ச நாள் முன்னால் ஒரு தபலாக்காரர் மேடையில் மயங்கி விழுந்து, அடுத்த வாரமே அவருடைய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்திருந்தான். சர்க்கரை என்று தெரிந்த அன்றைக்கே எனக்கு போன் செய்தான்.

"அண்ணே, இது வெளிய தெரிஞ்சா எனக்கு வேலை கிடையாது. இங்க எந்தக் கடையில வாங்கினாலும் தெரிஞ்சவன் ஒருத்தன் நிக்கிறான். நீ வாங்கி அனுப்பு."

தீவில் எல்லாப் பொருளும் மெயின்லேண்டிலிருந்து ஆள் மூலமாக வரும். மருந்து, மூக்குக் கண்ணாடி, கல்யாணப் பத்திரிகை, எல்லாம் யாரோ ஒரு பயணியின் பெட்டியில்தான் வந்திறங்கும். எதிர்த் திசையில் மருந்து அனுப்பிய வீடு எங்களுடையது மட்டும்தான் என்று நினைக்கிறேன். ஜங்லிகாட் மருந்துக்கடையில் எனக்கென்று சொல்லி வாங்குவேன். ஊறுகாய் போடும் பிளாஸ்டிக் பாட்டிலில் ஐஸ் பையோடு வைத்து, மூடியைச் சுற்றிப் பழுப்பு டேப் ஒட்டி, துணியில் சுற்றி, மேலே 'மீன் ஊறுகாய்' என்று எழுதிவிடுவேன். இப்படித் தம்பிக்காகப் பொய்ச் சர்க்கரைக்காரனாகச் சில வருஷம் நடித்தேன். அப்புறம் உண்மையாகவே வந்துவிட்டது. கடைக்காரருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பெயர் வந்த பிறகாவது அங்கேயே வாங்கியிருக்கலாம். பெயர் வந்ததும் கடையில் நின்றால் கூட நின்று போட்டோ எடுக்க ஆள் வந்தது. ஊறுகாய் தொடர்ந்தது. ஒரு பேட்டியில் யாரோ அந்த பாட்டிலைப் பற்றிக் கேட்க, அவனும் சிரித்து வைக்க, 'சொந்த ஊர் மீன் ஊறுகாய் இல்லாமல் சாப்பிட உட்காராத கலைஞர்' என்று எழுதிவிட்டார்கள். ரசிகர்கள் மேடையிலேயே ஊறுகாய் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவனுக்கு மீன் ஊறுகாய் பிடிக்காது.

கச்சேரி இடைவேளையில் அவன் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வதை வைத்துக் குடிக்கிறான் என்று பேசினார்கள். அவன் மறுக்கவில்லை. "குடிக்கிறான்னா கலைஞன்ணே. ஊசி போடுறான்னா நோயாளி" என்பான். அவன் மனைவியும் முதலில் அப்படித்தான் நம்பினாள். ஆறாவது மாதம் உண்மை தெரிந்தது. நான்காவது வருஷம் போய்விட்டாள். வியாதிக்காக அவள் போகவில்லை. ஆறு மாதம் தன்னிடம் மறைத்தவன் வேறென்ன மறைக்கிறானோ என்ற யோசனை அவளை விடவே இல்லை. அதைக் கேட்டு எனக்குக் கடிதம் எழுதினாள். அலுவலகத்தில் தபால் அனுப்பும் பிரிவில் இருபத்தைந்து வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன், எந்தக் கடிதத்துக்கும் பதில் போகாமல் இருந்ததில்லை. அந்த ஒன்றைத் தவிர.

ஊறுகாயைப் பெரும்பாலும் கொண்டுபோனது பத்துபஸ்தி அக்கா. இராமநாதபுரம் பக்கத்துக்காரர். கணவர் காண்ட்ராக்டர், மகள் சென்னையில். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மகளைப் பார்க்கப் போவார். அடுத்தவர் பொருளைப் பொட்டுத் தங்கம் போலப் பார்த்துக்கொள்வார்.

போன மழைக்காலத்தில் அவர் கிளம்ப வேண்டிய விமானம் மேகம் இறங்கியதால் ரத்தானது. அதற்குப் பிறகு இடம் கிடைக்க நான்கு நாள் ஆயிற்று. எனக்குத் தெரியும். விமானம் ரத்தானால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், அன்றைக்குப் பேச வேறு விஷயம் இருக்காது. பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்ல போனை எடுத்தேன். "மீன் ஊறுகாய்க்கு எதுக்குத் தம்பி ஃப்ரிட்ஜ்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். நல்ல பதிலாக ஒன்று அமையவில்லை. போனை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

டீ நன்றாக இருந்தது. அது ஏனோ ஞாபகத்தில் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்துத் தம்பி ஒலிப்பதிவுக் கூடத்தில் விழுந்தான். அதற்கு முந்தைய வாரமே, "மருந்து கேக்க மாட்டேங்குதுண்ணே, நானா அளவைக் கூட்டிக்கிட்டேன்" என்றிருந்தான். டாக்டரிடம் போ என்றேன். ஒலிப்பதிவு முடியட்டும் என்றான். நினைவில்லாமல் அவசர சிகிச்சையில் கிடந்தபோது அவனுடைய மேனேஜர் பத்திரிகைக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. கையில் இருந்த காரணத்தைச் சொன்னார். கெட்டுப்போன மீன் ஊறுகாய்.

மறுநாள் காலை போர்ட் பிளேர் டாலிகஞ்சில் எங்கள் வீட்டு வாசலில், ஊர் திரும்பியிருந்த அக்கா நின்றார். கண் வீங்கியிருந்தது.

"தம்பி, சத்தியமா நான் அசட்டையா இருக்கல. பிளைட் கேன்சலானதும் பூசணம் பிடிச்சிருமோன்னு பதறிட்டேன். மறுநாள்லருந்து நல்ல வெயில். மூணு நாளும் மொட்டை மாடியில காய வெச்சேன், காக்கா வராம பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டேன். துணியைக்கூடப் பிரிக்கல, அடுத்தவங்க பொருளு. அப்புறமும் எப்படிக் கெட்டுச்சு? இன்னும் ஒரு நாள் வெச்சிருக்கணுமோ?"

நான் என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றேன். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் தம்பியின் பிழைப்புப் போகும். அதோடு, மூன்று நாள் காக்காய் விரட்டியது எதற்கென்று அக்காவுக்கும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் தன் கையால் விஷம் கொண்டுபோனதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். இரண்டில் எது பரவாயில்லை என்று யோசித்துக்கொண்டே அவரை ஆட்டோ ஏற்றிவிட்டேன். யோசிக்கிறேன் என்று பெயர் பண்ணிக்கொண்டு சும்மா இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி.

தம்பி பிழைத்துக்கொண்டான். அடுத்த மாதம் ஓய்வுக்கு டாலிகஞ்சுக்கு வந்தான். வந்த அன்று என் மனைவி கொதிக்கக் கொதிக்க டீயை எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தாள். அவன் துணியில்லாமல் இடது கையால் பிடித்துக்கொண்டு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தான். நான் என் செருப்பை நினைத்துக்கொண்டேன்.

"எத்தனை விரல்?" என்றேன்.

"மூணு."

"எப்பருந்து?"

"ரெண்டு வருஷம் இருக்கும். இப்ப ஜாஸ்தி." டம்ளரைக் கீழே வைத்தான். "கம்பி எங்க இருக்குன்னு விரலுக்குத் தெரியல. கண்ணால பாத்து வாசிக்கிறேன். மேடையில ரொம்ப உருகி வாசிக்கிறேன்னு எழுதறாங்க."

அந்த பாட்டில்தான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறான். விழுந்ததற்கு அதுதான், விரலுக்குப் பல வருஷத்துக் கணக்கு என்றாராம். இதை எனக்கு ஆறுதலாகச் சொன்னான். நானும் ஆறுதலடைந்த மாதிரி தலையாட்டினேன். போனை எடுத்து வைத்த கதையை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். "நானா இருந்தாலும் வெச்சிருப்பேன்" என்றான். மீதி டீயைக் குடித்து முடித்தான்.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா வந்தார். எப்போதும் ஏதாவது ஊறுகாய் கொண்டுவருகிறவர் கையில் பாட்டில் எதுவும் இல்லை. ஊறுகாய் போடுவதையே விட்டுவிட்டாராம். தம்பியைப் பார்த்ததும் காலில் விழப்போனார்.

"என்னைய மன்னிச்சிரு சாமி. என் கையால கொண்டுவந்து..."

"அக்கா, உக்காருங்க" என்றான் தம்பி.

எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்து ஊசியை எடுத்து வந்தான். அக்காவுக்கு எதிரிலேயே சட்டையைத் தூக்கி வயிற்றில் போட்டுக்கொண்டான். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் அதைப் போட்டுக்கொண்டு நானே இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன்.

"சர்க்கரைக்கா. சின்ன வயசுலருந்து. நான் விழுந்தது இதனால. மருந்து கெட்டிருந்துச்சு, நான் கவனிக்கல. உங்க பாட்டிலை நான் தொறக்கவே இல்ல. அப்படியே இருக்கு."

அக்கா ஊசியைப் பார்த்தார், அவன் வயிற்றைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் காலைப் பார்த்தேன்.

"தொறக்கவே இல்லையா?"

"இல்லக்கா."

"அரே பாபா" என்று சொல்லி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் திட்டினார். "ஏன்டா, அண்ணனும் தம்பியுமா சேந்து ஒரு வியாதியைக்கூட வாயால சொல்ல மாட்டீங்களா? பெரிய ராணுவ ரகசியம்!" அப்புறம் தட்டில் சோற்றைப் பார்த்து, "இவ்வளவு சோறா வைக்கிறது இவனுக்கு?" என்று என் மனைவியிடமும் சண்டை போட்டார். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் கெட்டியாகப் பார்த்துக்கொள்வது அடுத்தவர் பொருளைத்தான், அடுத்தவர் செய்தியை இல்லை. இரண்டு நாளில் ஜங்லிகாட் முழுக்கத் தெரிந்தது. ஒரு வாரத்தில் சென்னைக்கும் போய்விட்டது. வீட்டுக்குப் பாகற்காய் வந்து குவிந்தது. தம்பியின் போனுக்கு நலம் விசாரித்து நிறைய அழைப்பு வந்தது. எல்லாரும், "முதல்ல உடம்பைப் பாருங்க" என்றார்கள். தேதி கேட்டு யாரும் கூப்பிடவில்லை. பேசி முடித்திருந்த இரண்டு கச்சேரிகளுக்கு வேறு ஆள் பார்த்துவிட்டார்கள்.

அவன் இன்னும் இங்கேதான் இருக்கிறான். காலையில் வாசிக்கிறான், விரலைப் பார்த்தபடி. சில சமயம் ஸ்வரம் ஒரு நூல் தள்ளி விழுகிறது. நிறுத்திவிட்டு விரலை நகர்த்தி வைத்துவிட்டுத் தொடர்கிறான். நான் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது கம்பியிலிருந்து வில்லை எடுக்காமலே குரல் கொடுக்கிறான்.

"அண்ணே, செருப்பு."

குனிந்து பார்க்கிறேன். பல நாள் இரண்டும் இருக்கின்றன.