வெறுங்கால் சப்பாத்து

கைபேசிக்குள் மகள் ஒரு சப்பாத்தை எடுத்து, வெற்றிலையை மடிப்பதுபோல் மடித்துக் காட்டினாள். அதன் குதி போய் முன்பக்கத்தைத் தொட்டது.

"இதுக்குப் பேரே வெறுங்கால் சப்பாத்துதான் அப்பா. வேட்டைக்குப் போற ஆக்களுக்கெண்டு செய்யிறது. அடி மெல்லிசு, போட்டாலும் நிலம் காலுக்குத் தெரியுமாம். கணுக்கால் வரைக்கும் மூடும். மழைத் தண்ணி உள்ளுக்குப் போகாது. மற்றது இது, மொத்த அடி, நல்ல தடிப்பு. எதை வாங்க?"

குசினிக்குள் இருந்து மனுசி கேட்டாள். "வெறுங்காலுக்கு என்னத்துக்குச் சப்பாத்து? அப்ப அங்கை உடுக்காத சீலை எண்டும் ஒண்டு விக்கினமோ?"

மகள் கனடாவில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீனி வருத்தம் என் வலக்காலின் சின்னவிரலை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. அடுப்படியில் தணலை மிதித்துவிட்டு, கருகல் மணம் வந்த பிறகு குனிந்து பார்த்தவன் நான். டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். காலில் உணர்ச்சி இல்லை; மொத்த அடிச் சப்பாத்து இல்லாமல் முற்றத்துக்கும் இறங்கக்கூடாது; இன்னொரு புண் வந்தால் காலைக் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுக்கவேண்டி வரும். மொத்த அடி என்று சொல்லிவிட்டுக் கைபேசியை மனுசியிடம் கொடுத்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் சரவணையில், வயலுக்கு அங்கால் வடலியும் ஈச்சம்பற்றையுமாகக் கிடக்கும் வெளியில் முயல் பிடித்துத் திரிந்தவன் நான். துவக்கு இல்லை. நாயும் பொல்லும் காலும்தான். முயல் படுத்த இடம் புல்லுக்குள் சின்னப் பள்ளமாக இருக்கும். அதற்குள் உள்ளங்காலை வைத்தால் சூடு தெரியும். நல்ல சூடென்றால் ஆள் பக்கத்துப் பற்றைக்குள்தான். ஆறிப்போயிருந்தால் அடுத்த திட்டிக்குப் போய்விட்டது. மாரியில் நிலம் குளிர்ந்து கிடக்கும்போது அந்தச் சூடு இன்னும் வடிவாகத் தெரியும். பள்ளிக்கூடம் எனக்கு ஏறவில்லை. இது ஏறியது.

சப்பாத்து என்றால் எனக்கு எப்போதும் சத்தம்தான். சின்ன வயதில் தென்பகுதியில், எங்கள் பக்கத்து ஊரான சுருவிலைச் சேர்ந்த முதலாளி ஒருவரின் பலசரக்குக் கடையில் நின்றேன். அங்கே சப்பாத்துப் போடுகிறவர் அவர் மட்டும்தான். அது தெருவில் கேட்கும்போதே நாங்கள் வாயிலிருந்த பேரீச்சம்பழத்தை விழுங்கிவிட்டு வெங்காயம் புடைக்கத் தொடங்கிவிடுவோம். கடைசிவரை அந்த மனிசனால் ஒருத்தனையும் பிடிக்க முடியவில்லை. முயலும் அப்படித்தானே.

விரல் போன பிறகு எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். றப்பர்ச் சப்பாத்து முழங்கால்வரை வந்தது. வெள்ளத்துக்கு நல்லது, வெயிலில் கால் உள்ளே அவிந்தது. நடந்தால் சளக்கு புளக்கு. கன்வசுச் சப்பாத்து காலைப் பனியிலேயே ஊறிப்போய், கழற்றும்போது கால் வெந்த மரவள்ளிக்கிழங்குபோல் வெளுத்திருந்தது. கூட வருகிறவன் மனுசியின் தம்பி. அவன் விடுவானா?

"அத்தான், நீங்கள் வாறது முயலுக்கு மட்டுமில்லை, மண்டைதீவுச் சனத்துக்கும் கேட்டிருக்கும்."

அதோடு வீட்டில் இருந்துவிட்டேன். இருந்தேன் என்று சொல்வதற்கும் இல்லை. காலையில் எழும்பினதும் சீமெந்து நிலத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பேன். குளிரும். பிறகு உள்ளங்காலை வைப்பேன். ஒன்றுமில்லை. தேய்ப்பேன், ஓங்கிக் குத்துவேன். நாய் படலையடியில் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்க்கும். ஒருநாள் பொறுக்கமுடியாமல் அதற்குக் கல்லெடுத்து எறிந்தேன். அது என்னிடமே ஓடிவந்து காலடியில் படுத்தது. என் காலில் அது படுத்திருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிந்தேன். அன்றைக்குத்தான் அந்த எண்ணம் பிடித்தது. உணர்ச்சி போகவில்லை. இந்த மொத்தச் செருப்புகளுக்குள் கிடந்து கால் மறந்துபோய்விட்டது. மெல்லிய அடி ஒன்று கிடைத்தால் நினைவு வந்துவிடும்.

"மெல்லிசு," என்றேன் மகளிடம்.

மனுசி அகப்பையோடு வெளியே வந்தாள். "இஞ்சேருங்கோ, காலில இல்லாதது சப்பாத்தில இருந்து வருமோ?"

"நீர் போய் உம்மடை புட்டைப் பாரும்."

சப்பாத்து வந்தது. முன்பக்கம் குளத்தில் நீந்துகிற தாராவின் கால்போல் அகலம். விரல்கள் நெரிபடவில்லை. முற்றத்தில் நடந்து பார்த்தேன், சத்தமே இல்லை. மாரி தொடங்கி மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் மச்சானோடும் நாயோடும் இறங்கினேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பாதமளவு வெள்ளத்துக்குள்ளால் போனோம், சேற்றுக்குள்ளால் போனோம், சப்பாத்துக்குள் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மச்சான்கூட வாயைத் திறக்கவில்லை.

வெளியின் தொடக்கத்தில் பூவரசுக்குக் கீழே வைரவர் சூலம் இருக்கிறது. நாய் அவருடைய வாகனம். அவரிடம் கேட்காமல் நாயோடு வேட்டைக்குப் போகிறவன் எங்கள் பக்கத்தில் இல்லை. சப்பாத்தோடு யார் அவருக்கு முன்னால் நிற்பான்? யோசிக்கவே இல்லை, குனிந்து கழற்றினேன். மச்சான் கற்பூரம் கொளுத்தினான். இந்த ஒரு முறை மட்டும் தெரியவிடு என்று கேட்டேன். திரும்பிவந்து சேற்றுக்காலைப் புல்லில் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டேன்.

வெயில் எறிக்கத் தொடங்கியபோது முயல் எழும்பியது. நாய் கத்திக்கொண்டு பின்னால் ஓடியது, மச்சான் நாய்க்குப் பின்னால் ஓடினான். நான் பள்ளத்தைக் கண்டுவிட்டேன். புல் இன்னும் நிமிரவில்லை. வலக்காலை வைத்தேன்.

ஒன்றுமில்லை.

இன்னும் அழுத்தினேன். உடம்பின் பாரம் முழுவதையும் அந்தக் காலில் கொடுத்து நின்றேன். பிறகு மிதித்தேன், மாறி மாறி மிதித்தேன். கடைசியில் குனிந்து, மிதிபடாத ஓரத்தில் கையை வைத்தேன். சூடாக இருந்தது. கைக்கு நல்ல வடிவாகத் தெரிந்தது.

மச்சான் வெறுங்கையோடு திரும்பிவந்தபோது நான் சேற்றுக்குள் குந்தியிருந்தேன். நாய் என் சப்பாத்தை மோந்துகொண்டு நின்றது, விலகவே இல்லை. அவன்தான் சப்பாத்தைக் கழற்றினான். உள்ளே இரத்தம் குழம்பாக இருந்தது.

"ஐயோ அத்தான்! உங்களுக்குத் தெரியேல்லையோ?"

சப்பாத்தின் அடியை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். ஓட்டை இல்லை. காரைமுள்ளு காலில்தான் ஏறியிருந்தது, வைரவரடியில். அதன்மேல் சப்பாத்தை மாட்டி, நானே மிதித்து இறக்கியிருந்தேன். காலுக்கு வெளியே தெரிந்தது அதன் பின்முனை மட்டும்தான்.

முள்ளை ஆசுப்பத்திரியில் எடுத்தார்கள். ஆனால் புண் ஆறவில்லை. பிறகு கால் வீங்கியது, பாதத்தின் நிறம் மாறியது. டொக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். உணர்ச்சி எதுவரைக்கும் இருக்கிறதென்று பார்க்கவேண்டுமாம். நைலோன் நூல் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு கண்ணை மூடச் சொன்னார்.

"தொடேக்கை ஓம் எண்டு சொல்லுங்கோ ஐயா."

நான் கண்ணை மூடினேன். ஆனால் முழுவதும் மூடவில்லை. நூல் போகும் இடத்தைப் பார்த்துப் பார்த்து ஓம், ஓம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மனுசியைக் கூப்பிட்டார்.

"அம்மா, இவரின்ரை கண்ணைக் கொஞ்சம் பொத்துங்கோ."

மனுசி தலைமாட்டில் வந்து நின்று இரண்டு உள்ளங்கையையும் என் கண்ணில் வைத்தாள். சவர்க்கார மணம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால் இருக்கும் பக்கம் முழு மனதையும் அனுப்பிக் காத்துக் கிடந்தேன். எங்கோ ஏதோ பட்டதுபோல் இருந்தது. இருந்தது என்றுதான் நினைத்தேன்.

"ஓம்!" என்றேன். "தெரியுது டொக்டர், வடிவாத் தெரியுது!"

"ஐயா," என்றார் அவர். "நான் இன்னும் தொடேல்லை."

மனுசி கையை எடுக்கவில்லை.