ஏரிக்கு வந்த சர்ஃப் போர்டு

1. திங்கட்கிழமை மருந்து

தருமபுரி மாவட்டத்தில் கடல் கிடையாது. அதனால் நான் சென்னைப் பக்கக் கடலில், பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் சர்ஃபிங் கற்றுத்தருகிறேன் என்பதை எங்கள் ஊரில் யாரும் முழுதாக நம்பியதில்லை. கேட்பவர்களிடம் அம்மாவே "ஏதோ நீச்சல் டீச்சருங்க" என்று முடித்துக்கொள்வார். காலையில் அலையில் வகுப்பு, மத்தியானம் உடைந்த போர்டுகளில் பெயிண்டிங், சாயங்காலம் கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவது. இதுதான் பல வருடமாக என் பிழைப்பு.

போன வருடம் லீவில் வந்தபோது, கம்பைநல்லூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் ஏரியைக் காணவில்லை. கரைக்குக் கரை ஆகாயத்தாமரை. மருந்து அடித்துக் கருக்கப்போவதாகப் பேச்சு. மருந்து விழுந்தால் மீனும் போகும், ஆடுமாடு குடிக்கிற தண்ணீரும் போகும். நான் நீச்சல் பழகிய ஏரி அது.

ஊராட்சித் தலைவர் செல்வி அக்காவிடம் போனேன். பள்ளியில் எனக்கு சீனியர்.

"மருந்து வேணாம்க்கா. கையாலயே எடுத்துரலாம்."

"யாருடி எறங்குவா? ஜேசிபியே சேத்துல மாட்டிக்கிச்சு. அதுலருந்து நூறு நாள் வேலைக்கு வர்ற பொம்பளைங்க யாரும் கரைய வுட்டு எறங்கறதில்ல. ஆளை முழுங்கிரும்னு பயம்."

"நான் போர்டுல போய் எடுத்துக் காட்டறேன். ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடுங்க."

"ஆழம் தெரியாம கால வுடாத. முடியலன்னா திங்கக்கெழம மருந்துதான்."

2. இரண்டு விதிகள்

சென்னைக்குத் தக்காளி ஏற்றிப்போய்த் திரும்பிய லாரியில் என் போர்டை வரவழைத்தேன். இறக்கும்போது டிரைவர் கேட்டார், "ஏங்க, இது இஸ்திரி போடற பலகைங்களா?"

ஞாயிறன்று கரை முழுக்கக் கூட்டம். கடலில் நான் சொல்லித்தரும் முதல் பாடம் இரண்டே விதிதான். லீஷ், அதாவது போர்டையும் கணுக்காலையும் இணைக்கும் கயிறு, கட்டாமல் இறங்காதே. விழுந்தால் காலை ஊன்றாதே, மட்டமாக விழு; அடியில் பாறை இருக்கலாம். ஏரியிலும் இரண்டையும் அப்படியே கடைப்பிடித்தேன். அதுதான் வினை.

குப்புறப் படுத்து, கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு செடிகளுக்குள் கொஞ்ச தூரம் போயிருப்பேன். லீஷ் வேர்களில் சுற்றிக்கொண்டது. இழுத்ததில் போர்டு கவிழ்ந்தது. மட்டமாக விழுந்தேன். ஊன்றாதே என்று பழகிய உடம்பு, ஊன்றாமலே கிடந்து கையைக் காலை உதறியது. உதற உதற லீஷ் இறுகியது. கரையில் அம்மா "ஐயோ, எம்புள்ள" என்று கத்துவது கேட்டது. அலைக்குப் பயப்படாத எனக்கு அன்று உண்மையிலேயே பயம் வந்தது.

லீஷை அவிழ்க்கக் குனிந்தபோது இன்னொரு கால் தானாகக் கீழே போய்த் தரை தட்டியது. எழுந்து நின்றேன். தண்ணீர் இடுப்பளவு. நான் நீச்சல் பழகிய காலத்தில் ஆளுயரம் இருந்த இடம், வண்டல் சேர்ந்து மேடாகியிருந்தது. சேறு முழங்காலைக்கூட எட்டவில்லை. ஜேசிபியின் கனத்துக்குத்தான் அது பொல்லாதது.

தலையில் ஆகாயத்தாமரையோடு நின்ற என்னைப் பார்த்துக் கரையே சிரித்தது. செல்வி அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினார்.

"அடச்சீ, இவ்ளோதானா? இதுக்காடி இத்தன நாளு கரையில நின்னுக்கினு இருந்தோம்? வாங்கடி."

ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். நான் லீஷைக் கழற்றி வீசினேன். பிடுங்கிய செடியைப் போர்டில் குவித்துக் கரைக்குத் தள்ளினோம். அலைக்காகச் செய்த போர்டு அன்று முழுக்கக் குப்பை வண்டிதான். திங்கட்கிழமை மருந்து வரவில்லை, பெண்கள்தான் வந்தார்கள். மழைக்கு முன்பே தண்ணீர் தெரிந்துவிட்டது.

3. மதகுச் சுவர்

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கடலில் கற்ற விதி கடலுக்கு. வேறு தண்ணீரில் இறங்கும் முன், அந்தத் தண்ணீரைக் கேளுங்கள். நான் திறமையைக் காட்டப் போனேன். ஊரை இறக்கியது நான் விழுந்ததுதான்.

பிறகு மதகுச் சுவரில் படம் வரையச் சொன்னார்கள். நான் கொக்கும் மீனும் வரைய நினைத்தேன். செல்வி அக்கா விடவில்லை.

"கொக்கு கெடக்குது. நீ தலையில செடியோட நின்ன பாரு, அதப் போடு. தண்ணி இடுப்பு வரைக்கும்தான் இருக்கணும். கழுத்து வரைக்கும் வரைஞ்சீன்னா மறுபடியும் ஒருத்தியும் எறங்க மாட்டா."

இடுப்பு வரைக்கும்தான் வரைந்தேன்.