பலகை நட்ட அன்று வைத்த வேட்டு

என் கல்யாணம் ஊமைக் கல்யாணம். திண்டுக்கல் டவுனில், கல்யாணம் என்றால் பேண்டும் வேட்டுமாகக் காது கிழியக் கேட்டு வளர்ந்தவள் நான். குடகனாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். தை மாதம். கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில். எங்கள் வண்டி ஊருக்குள் நுழைந்ததும் மேளக்காரர் குச்சியை எடுத்தார். மாமனார் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"செத்த பொறுங்க சம்பந்தி. மேளம் வேணாம், வேட்டும் வேணாம். ஆத்தங்கரையில கொக்கு குஞ்சு பொரிச்சிருக்கு."

என் அப்பாவின் முகம் சுண்டிப்போனது. தாலி ஏறும்போது பெண்கள் குலவையைக்கூட வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்கள். கொக்குக்குக் கிடைக்கிற மரியாதை கட்டிக்க வந்தவளுக்கு இல்லையா என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஆற்றங்கரை மருதமரங்களில் ஐப்பசி மழைக்குப் பின் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் வந்து கூடு கட்டும். மாசி முடிந்து குஞ்சுகள் பறக்கும்வரை ஊரில் யாரும் சத்தம் போட மாட்டார்கள். தீபாவளிக்கு வெடி கிடையாது. வயலில் ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் துண்டை வீசிக் காட்டுவார்கள். எனக்கோ அவற்றின் வீச்சம் பொறுக்கவில்லை. காயப்போட்ட சேலையெல்லாம் எச்சம். "சனியன்களா!" என்று மெதுவாகத்தான் திட்ட முடிந்தது. அப்படித் திட்டித் திட்டியே அவற்றோடு ஒட்டிக்கொண்டேன். மழை தள்ளிப்போனால், இன்னும் காணோமே என்று நானே வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

சில வருடம் கழித்து மதுரையிலிருந்து வனத்துறை அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். இந்த இடத்தைப் பறவைகளுக்கென்றே ஒதுக்கி, சுடக்கூடாது, மரம் வெட்டக்கூடாது என்று பலகை நடப்போவதாகச் சொன்னார். ஊருக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கும் ஒரு தை மாதத்தில்தான் நாள் குறித்தார்கள். வரவேற்பைப் பற்றிப் பேச எங்கள் வீட்டு முற்றத்தில் கூடினார்கள்.

"வேட்டு வைக்கணும்" என்றார் மாமனார்.

என் வீட்டுக்காரர் பதறிப்போனார். "அய்யா, குஞ்சுக்கு இன்னும் றெக்கை முளைக்கல. மாசி கழிச்சு வரச் சொல்லுங்க."

"ஏலே, அம்புட்டுப் பெரிய ஆளு நம்ம கொக்குக்காக வாராரு. வேட்டு இல்லாம மொட்டையாக் கூப்பிட்டா ஊருக்குல்ல கேவலம்? ஒரு நாள்தானலே."

"எனக்கு வைக்காத வேட்டா மாமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வைப்பதற்காக நான் கேட்கவில்லை.

ஜீப்பின் புழுதி தெரிந்ததும் வேட்டுப் போட்டார்கள். இரும்புக் குழாயில் வெடிமருந்தைத் திணித்து வைக்கிற வேட்டு, தரையே அதிர்ந்தது. மரங்களிலிருந்த பறவை மொத்தமும் ஒரே வீச்சில் கிளம்பியது. வெயில் மறைந்துபோயிற்று. மாலையும் கழுத்துமாக நின்ற அதிகாரி அண்ணாந்து பார்த்து, "அடேயப்பா, எவ்வளவு பறவை!" என்று கைதட்டினார். எங்கள் ஆட்களும் சேர்ந்து தட்டினார்கள். மரத்தடியில் குஞ்சுகள் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தன.

பெரிய பறவைகள் திரும்பவில்லை. பொழுது சாய்வதற்குள் காக்கையும் பருந்தும் கூடுகளுக்குள் புகுந்துவிட்டன. என் வீட்டுக்காரர் மரமேறி, விழுந்த குஞ்சுகளைக் கூட்டில் வைத்துப் பார்த்தார். தாயில்லாத கூட்டில் வைத்து என்ன பிரயோசனம்? மிச்சத்தைக் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அயிரை மீனை வாய்க்குள் திணித்தேன். ஒன்றும் பிழைக்கவில்லை. மாமனார் சோற்றைத் தொடவில்லை. "ஒரு நாள்தானேன்னு நெனச்சேன்த்தா" என்று என்னிடம்தான் சொன்னார். கோபமும் இருந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

மறு வருடம் ஐப்பசியில் நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் புரண்டது. ஒரு நாள் காலையில் ஆத்தூர்ப் பக்கமிருந்து நாரைக் கூட்டம் வந்து எங்கள் மருதமரங்களுக்கு மேலே வட்டமடித்தது. மாமனார் தெருத்தெருவாகப் போய் வாயில் விரலை வைத்துக் காட்டினார். அம்மி அரைத்தவள் குழவியை நிறுத்தினாள். நடவு நட்ட பெண்கள் குனிந்த வாக்கில் அப்படியே நின்றார்கள். பால்குடிப் பிள்ளைக்காரிகள் பிள்ளைகளை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். ஊரில் ஒரு பொட்டுச் சத்தமில்லை.

அப்படியும் அவை இறங்கவில்லை.