அண்ணன் தலையில் இருந்த பள்ளம்

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனை அஸ்தினாபுரம் வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, அம்மா அவன் தலையைத் தொடப் பயந்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இடது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு எலும்பே இல்லை. தோல் மட்டும் மூடியிருந்தது. உட்கார்ந்தால் அந்த இடம் உள்வாங்கும், படுத்தால் மேலெழும்பும், இருமினால் துடிக்கும். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "பொறந்தப்ப இவனுக்கு உச்சிக்குழி இப்படித்தான் துடிச்சுது" என்றாள். அண்ணனுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது.

அண்ணன் பெரிய பேச்சுக்காரன். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தான். ஷேர் ஆட்டோவில் ஏறினால் இறங்குவதற்குள் பக்கத்தில் இருப்பவரின் குடும்பக் கதை முழுவதையும் கேட்டுவிடுவான். ரேஷன் கடையோ சர்ச் கூட்டமோ, யாராவது தப்பாக ஒன்று சொல்லிவிட்டால் பதில் சொல்லாமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டான். பேச்சில் தோற்பதுபோல் வந்தால் குரலை உயர்த்துவான், அவ்வளவுதான்.

ஒரு நாள் மாலை வேலை முடிந்து வரும்போது, வண்டலூர் தாண்டி ஒரு நாய் குறுக்கே ஓடியதில் பைக்கோடு விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான், ஆனால் வாரை மாட்டவில்லை. ஹெல்மெட் கழன்று உருண்டு ஓடிவிட்டது. தானே எழுந்து, தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். முழங்கையில் சிராய்ப்பு, அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. "நாய் தப்பிச்சிருச்சு, நான்தான் விழுந்தேன்" என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டானாம். காலையில் தலைவலி என்றான். அம்மா சுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். வாந்தி எடுத்தான். பித்தம் என்று நினைத்தார்கள். தூங்கட்டும் என்று அண்ணி ஜன்னலைச் சாத்தினாள். மதியம் எழுப்பியபோது அவனுக்கு வார்த்தை குழறியது. நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் டீச்சர். வகுப்பில் இருந்தபோது அண்ணியின் போன் வந்தது. "இவரு என்னமோ உளர்றாரு. ஒரு கண்ணு வேற மாதிரி இருக்கு. சீக்கிரம் வா."

ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "மண்டை ஓடு இறுக்கி மூடின டப்பா மாதிரிம்மா. உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு, மூளை வீங்குது. வீங்கினா விரியறதுக்கு இடம் கிடையாது. அழுத்தம் ஏற ஏற மூளைக்கே ரத்தம் போகாது."

"அந்தத் தலைவலி, வாந்தி எல்லாம் அதனாலதானா சார்?" என்று அண்ணி கேட்டாள்.

"ஆமாம்மா."



கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, கழுத்து வளையாமல் நேராக வைத்தார்கள். தலையிலிருந்து ரத்தம் தடையில்லாமல் கீழே இறங்க வேண்டுமாம். மூளையில் தேங்கிய நீரை இழுத்துச் சிறுநீராக வெளியேற்ற ஒரு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அண்ணனை மயக்கத்திலேயே வைத்து, மூச்சுக்கு மெஷின் பொருத்தியிருந்தார்கள். தலைக்குள் செருகியிருந்த மெல்லிய ஒயர் உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் திரையில் எண்ணாகக் காட்டியது. மருந்துக்கு அந்த எண் இறங்கும், எங்களுக்கு உயிர் வரும். பிறகு மறுபடி ஏறும். கடைசியில், எலும்பில் ஒரு பகுதியை எடுத்து மூளைக்கு இடம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார் டாக்டர்.

"எடுத்த எலும்பை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டது அம்மா.

"அவர் வயித்துத் தோலுக்கு அடியிலயே வெச்சுத் தைச்சிருவோம்மா. கெடாம இருக்கும். வீக்கம் வடிஞ்சப்புறம் திரும்பப் பொருத்திரலாம்."

அண்ணன் பிழைத்தான். ஆனால் அடிபட்ட இடம் பேச்சு இருந்த இடம். நாம் சொல்வதெல்லாம் அவனுக்குப் புரிந்தது. பதில் மட்டும் வரவில்லை. வாயைத் திறப்பான், உதடு ஒரு வார்த்தையைத் தேடும், கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். வலது கை விரல்களில் பலமில்லை. சிறுபிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் அம்மாதான் அவனைக் குளிப்பாட்டினாள். அந்தப் பள்ளத்தில் மட்டும் தண்ணீரை ஊற்றாமல் கையில் ஏந்தி நனைப்பாள். வெளியே அழைத்துப் போனால் தெருவே வழிவிட்டது. பஸ்ஸில் கேட்காமலே எழுந்து இடம் கொடுத்தார்கள்.

சில மாதங்கள் கழித்து எலும்பைத் திரும்பப் பொருத்தினார்கள். தலை பழைய வடிவத்துக்கு வந்தது, முடியும் வளர்ந்து தையலை மறைத்தது. அம்மா சர்ச்சில் நன்றிக் காணிக்கை போட்டாள். பேச்சும் தானாகத் திரும்பிவிடும் என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம். திரும்பவில்லை. ஸ்பீச் தெரபிக்குப் போய்ப் போய் நாலைந்து வார்த்தைகள் வந்தன, அவையும் நினைத்தபோது வருவதில்லை. இப்போது அவனைப் பார்ப்பவர்களுக்கோ எந்தக் குறையும் தெரியவில்லை. தாம்பரம் பஸ்ஸில் ஒரு கண்டக்டர், "வாய்ல இன்னா வெச்சுக்கினு கீற? எங்க போவணும், சொல்லு" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அதன் பிறகு அண்ணன் தனியாகப் பஸ் ஏறவில்லை.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். கூடத்தில் பெட்டியை வைத்திருந்தார்கள். அண்ணன் வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டபடி இருந்தான். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த, அண்ணனுக்கு நடந்தது எதுவும் தெரியாத பெரியப்பா முறை உறவினர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "பெத்தவ போயிருக்கா, வந்தவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசுதானா பாரும். கல்நெஞ்சுக்காரப் பய."

வாசல் ஓரமாக உட்கார்ந்திருந்த அண்ணிக்குக் கேட்டுவிட்டது. முகம் சிவக்க எழுந்தாள். நடந்ததையெல்லாம் கூட்டத்தின் நடுவே கொட்டிவிடப் போகிறாள் என்று தோன்றியது. கொட்டட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். அண்ணன் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். வேண்டாம் என்று தலையசைத்தான். அவள் உட்காரும்வரை பிடியை விடவில்லை.

பிறகு உள்ளே போய், ஒற்றைக் கையால் ஒரு நாற்காலியை இழுத்து வந்து அந்தப் பெரியவருக்குப் பக்கத்தில் போட்டான். அவர் அவன் முகத்தைப் பார்க்காமலேயே அதில் உட்கார்ந்துகொண்டார்.